சென்னையின் முதல் கதைப்படங்கள்: எங்கே போய்ப் பார்ப்பது, என்ன மிச்சம்?

சென்னையில் ஆரம்பகாலக் கதைப்படங்கள் எடுக்கப்பட்ட இடங்களை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க விரும்புவதாகவும், அதைக் கோடம்பாக்கத்திலிருந்து தொடங்கலாமா, முதல் படம் எடுத்த ஸ்டூடியோவில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோடம்பாக்கத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்; நேரம் போதாவிட்டால் விட்டுவிடவும் செய்யலாம். சினிமா என்றதும் நம் வாயில் வருகிற அந்த ஊர்ப்பெயர் 1940களின் பிற்பாதியில்தான் சினிமாவோடு ஒட்டிக்கொண்டது. ஏ.வி.எம். நிறுவனம் காரைக்குடியிலிருந்து அங்கே குடிபெயர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் முழுநீளக் கதைப்படம் எடுத்து முடித்துத் திரையிட்டும் விட்டார்கள். அது நடந்த இடம் புரசைவாக்கத்தையும் கீழ்ப்பாக்கத்தையும் ஒட்டி ஓடுகிற மில்லர்ஸ் சாலை. அந்த ஸ்டூடியோ இன்று இல்லை. பொதுவாகவே, சினிமாவுக்காக எழுந்த ஆரம்பகால இடங்களில் இன்று கண்ணால் பார்க்க முடிகிறவை, வேறு ஏதோ ஒரு காரியத்துக்குக் கைமாறிப் போனதால் தப்பியவையே. இதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

முதலில் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்துக்குப் போங்கள். அந்த வளாகத்துக்குள் அஞ்சல்தலைச் சேகரிப்பாளர்களுக்கான பிரிவு இயங்குகிற பழைய கட்டடம்தான் ஒரு காலத்தில் எலக்ட்ரிக் தியேட்டர். வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் 1913ஆம் ஆண்டில் திறந்த இந்த அரங்கம், சென்னையில் சினிமாவுக்கென்றே கட்டப்பட்ட முதல் நிரந்தரக் கட்டடங்களில் ஒன்று. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குமேல் படம் ஓடவில்லை. அரசு அதை அஞ்சல் துறைக்காக வாங்கிக்கொண்டது. அதன் பெயரைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த ஊரில், மின்சாரம் என்ற சொல்லே ஒரு காட்சிப்பொருளாக இருந்தது. படம் பார்க்க வந்தவர்களில் பலர் மின்விளக்கையும் அங்கேதான் பார்த்திருப்பார்கள். அதற்குப் பின்னால் மவுண்ட் ரோட்டில் எழுந்த பெரிய அரங்குகள், வெலிங்டனும் எல்பின்ஸ்டனும் கெயிட்டியும், ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. தபால் துறையின் கையில் சிக்கிய இந்தச் சிறிய கட்டடம் மட்டும் நிற்கிறது. சினிமா நன்றாக ஓடியிருந்தால் அது பெரிதாக்கப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டு, இன்று ஒரு வணிக வளாகமாகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அங்கிருந்து சென்ட்ரல் பக்கம் வந்தால் விக்டோரியா பப்ளிக் ஹால். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டி கட்டிய இந்தச் செங்கல் மாளிகை 1880களின் கடைசியில் திறக்கப்பட்டது. இது சினிமாவுக்காகக் கட்டப்பட்டதல்ல. நாடகத்துக்கும் சொற்பொழிவுக்கும் பொதுக்கூட்டத்துக்குமாக எழுந்தது. சுகுண விலாச சபையின் நாடகங்கள் இங்கே நடந்தன என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சபை பின்னால் நம் கதைக்குள் மறுபடியும் வரும். லூமியேர் சகோதரர்களின் படங்கள் 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் காட்டப்பட்ட பிறகு, சில மாதங்களுக்குள்ளாகவே சென்னையிலும் படம் காட்டுபவர்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள், அவர்கள் வாடகைக்குப் பிடித்த மண்டபங்களில் இதுவும் ஒன்று. சில நிமிடங்களே ஓடும் துண்டுப் படங்கள் அவை.

அதே மண்டபத்தில் 1910ஐ ஒட்டிப் படம் காட்டியவர் ரகுபதி வெங்கையா. மசூலிப்பட்டினத்திலிருந்து வந்து சென்னையில் புகைப்பட நிலையம் நடத்திக்கொண்டிருந்தவர். இசைத்தட்டையும் படத்தையும் இணைத்து ஓட்டுகிற கருவி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, அதைத் தூக்கிக்கொண்டு இலங்கை, பர்மா வரை போய்வந்தார். ஊர் ஊராகச் சுற்றிய பிறகு 1914இல் மவுண்ட் ரோட்டை ஒட்டிய பிளாக்கர்ஸ் சாலையில் கெயிட்டி அரங்கத்தைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமா அரங்கம் அதுதான். பிறகு தங்கசாலைப் பகுதியில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் என்று இரண்டு அரங்குகளை எழுப்பினார். குளோப்தான் பின்னாளில் ராக்ஸி என்று பெயர் மாறியது. இந்த மூன்றில் ஒன்றுகூட இன்று இல்லை. கெயிட்டி ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போனது. எலக்ட்ரிக் தியேட்டரைவிட எத்தனையோ மடங்கு அதிகமாகச் சென்னையின் சினிமா வரலாற்றோடு பிணைந்திருந்த கட்டடம் அது. அதை இடித்தபோது எழுந்த எதிர்ப்பு மிகச் சொற்பம் என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

தென்னாட்டு ஆரம்பகாலச் சினிமாவின் பெரும்பகுதிக்கு இடம் என்று சுட்டிக்காட்டவே எதுவும் கிடையாது, ஏனென்றால் அது கூடாரத்தில் நடந்தது. திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905இல் படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம் அவர் பெட்டியில் இருந்தவற்றுள் முக்கியமானது. திடலில் கூடாரம் அடிப்பது, சில வாரம் ஓட்டுவது, அடுத்த ஊருக்கு மாட்டுவண்டியிலோ ரயிலிலோ போவது என்பதுதான் தொழில். அவர் 1914இல் கோயம்புத்தூரில் நிலைத்து வெரைட்டி ஹால் என்ற அரங்கத்தைக் கட்டினார். அது பின்னாளில் டிலைட் ஆனது. கோவைக்குப் போகிறவர்கள் வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். ஒரு சினிமா அரங்கத்தின் பெயரை ஒரு சாலை நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்துகொண்டிருப்பது சாதாரண விஷயமல்ல.

இனி மில்லர்ஸ் சாலை. நீங்கள் கேட்ட கேள்வியின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆர். நடராஜ முதலியார் 1885இல் வேலூரில் பிறந்தவர். சென்னையில் முதலில் சைக்கிள் வியாபாரம், பிறகு அமெரிக்கக் கார்களையும் உதிரிப்பாகங்களையும் இறக்குமதி செய்து விற்கும் வியாபாரம். பம்பாயில் தாதாசாகேப் பால்கே எடுத்த ராஜா ஹரிச்சந்திரா 1913 மே 3 அன்று கிர்காமில் இருந்த கொரோனேஷன் அரங்கில் வெளியாகி, ஒரு புராணக் கதையை முழுநீளப் படமாக இந்தியர் ஒருவராலேயே எடுக்க முடியும் என்று காட்டியிருந்தது. பால்கேயின் படங்கள் முதலியாரைப் பற்றிக்கொண்டன. இயந்திரங்களைப் பிரித்துப் போட்டுப் பழகியவர் அல்லவா. கேமராவும் அவருக்கு ஒரு இயந்திரமாகத்தான் முதலில் தெரிந்திருக்கும். புனேயில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் போய்ப் பயிற்சி பெற்றார். தஞ்சாவூர்ப் பகுதி நிலக்கிழார் ஒருவரிடம் இருந்த வில்லியம்சன் கேமராவையும் பிரதி எடுக்கும் கருவியையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். பங்குதாரர்களைச் சேர்த்து இந்தியா பிலிம் கம்பெனியைத் தொடங்கி, மில்லர்ஸ் சாலையில் டவர் ஹவுஸ் என்ற பங்களாவை வாடகைக்கு எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் ஸ்டூடியோ என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இந்தப் பங்களாவைத்தான்.

ஸ்டூடியோ என்றதும் இன்று நாம் நினைக்கிற நாலு சுவரும் தகரக் கூரையும் அங்கே கிடையாது. தோட்டத்தில் திறந்தவெளியில் ஒரு மேடை, பின்னால் வண்ணம் தீட்டிய படுதா, மேலே கூரைக்குப் பதிலாக மெல்லிய வெள்ளைத் துணி, அவ்வளவே. படம் பிடிப்பதற்குத் தேவையான வெளிச்சம் முழுவதையும் சூரியன்தான் கொடுத்தது. சென்னை வெயில் நேராக விழுந்தால் நடிகரின் கண்குழியும் மூக்கடியும் கருத்துப்போய் முகம் மண்டையோடாகத் தெரியும்; வெள்ளைத் துணியை மேலே கட்டினால் அதே வெயில் வடிந்து, பரந்து, முகத்தில் சமமாக விழும். காற்றடித்தால் துணி ஆடும், அதன் நிழலும் படத்தில் ஆடும். மேகம் வந்தால் வேலை நிற்கும். மழைக்காலம் என்றால் வேலையே கிடையாது. நகரத்தின் நெரிசலுக்கு வெளியே, பெரிய தோட்டத்தோடு, உயரமான கட்டடங்களின் நிழல் விழாத ஒரு வீடு அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்பது இப்போது விளங்கும். அந்தக் காலத்துப் புரசைவாக்கமும் கீழ்ப்பாக்கமும் தோட்ட வீடுகள் நிறைந்த பகுதிகள்.

எடுத்த கதை கீசக வதம். மகாபாரதத்தின் விராட பருவத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்த ஒரு பகுதி. நடிகர்கள் ராஜு முதலியாரும் ஜீவரத்தினமும். ஜீவரத்தினம் ஏற்றது திரௌபதி வேடம். பால்கேயின் முதல் படத்தில் தாராமதியாக ஓர் ஆண்தான் நடித்தார் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சுகுண விலாச சபையின் தலைவர்களில் ஒருவரான பம்மல் சம்பந்த முதலியார் ஆலோசனை சொன்னார். அச்சபையின் புகழ்பெற்ற நடிகரான ரங்கவடிவேலு நடிகர்களைப் பழக்கினார். மேடை நாடகம் தோட்டத்துக்கு வந்து கேமரா முன்னால் நின்றது என்றே இதைச் சொல்ல வேண்டும். படப்பிடிப்பு 35 நாட்கள், செலவு 35,000 ரூபாய், படத்தின் நீளம் 6,000 அடி என்பவை பதிவாகியுள்ள கணக்குகள். படம் வெளியான ஆண்டு 1917 என்றும் 1918 என்றும் வெவ்வேறு புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. எந்த ஒன்றைப் பார்த்தும் குழம்ப வேண்டாம்.

அந்த 6,000 அடி என்ற கணக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் வேலையின் தன்மை புரியும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்குப் பதினாறு சட்டகங்கள். கேமராவின் கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் எட்டுச் சட்டகங்கள் ஓடும். விநாடிக்கு இரண்டு சுற்று வீதம் சீராகச் சுற்றினால் விநாடிக்குப் பதினாறு சட்டகங்கள், அதாவது விநாடிக்கு ஓர் அடி. ஆகவே 6,000 அடி என்பது 6,000 விநாடிகள், நூறு நிமிடப் படம். அந்த நூறு நிமிடமும் ஒரு மனிதர் கையால் சுற்றியது. கை தளர்ந்தால் திரையில் ஆட்கள் வேகமாக ஓடுவார்கள். கை விரைந்தால் மெதுவாக நகர்வார்கள். நடிப்பவர் உணர்ச்சி ததும்ப அழுதாலும், வாள் சுழற்றினாலும், கேமரா பின்னால் நிற்பவரின் மணிக்கட்டு மட்டும் கடிகாரம்போல ஒரே கதியில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். முதலியார் தயாரிப்பாளர், இயக்குநர் என்ற இரண்டு பொறுப்புகளோடு கேமராவையும் தாமே இயக்கினார்.

எடுத்த படத்தை அங்கேயே கழுவ முடியவில்லை. படச்சுருளின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலே உப்பி, இளகி, சமயங்களில் உரிந்தே வந்துவிடும். சென்னையின் தண்ணீரை அந்த வேலைக்கு ஏற்றபடி குளிரவைப்பது அந்த நாளில் லேசான காரியமல்ல. அதனால் முதலியார் பெங்களூரில் ஒரு கழுவுகூடம் அமைத்தார். அதைக் கவனித்துக்கொள்ள நாராயணசாமி ஆச்சாரி என்பவர் இருந்தார். வார இறுதியில் முதலியார் பெட்டியோடு ரயிலேறிப் பெங்களூர் போவார். கழுவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். வாரம் முழுவதும் சுற்றியதில் எது தேறியது, எது வீணானது என்பது அங்கே போய்த்தான் தெரியும். ஆகவே தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் பிறந்த இடம் எது என்று கண்டிப்பாகக் கேட்டால், மில்லர்ஸ் சாலைத் தோட்டத்தில் பாதியும் பெங்களூர்த் தண்ணீரில் பாதியும் என்பதே என் பதில்.

பேச்சு இல்லாத படத்துக்கு இடையிடையே எழுத்துப் பலகைகள் வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் அவற்றை எழுதக் கல்வியாளர்கள் உதவினார்கள். இந்திக்கு உதவியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி. மொழி பலகையில் மட்டும் இருந்ததால் பலகையை மாற்றினால் படம் எந்த ஊருக்கும் போகும்; பர்மா, இலங்கை, மலாய் நாடு, சிங்கப்பூர் என்று தமிழர் இருந்த இடமெல்லாம் அது ஓடியது. வசூல் 50,000 ரூபாய் என்பார்கள். அடுத்து திரௌபதி வஸ்திராபகரணம், லவகுசா, மார்க்கண்டேயா என்று இன்னும் சில புராணப் படங்களை எடுத்தார். 1923இல் நேர்ந்த தீவிபத்தும் மகனை இழந்த துயரமும் அவரை அந்தத் தொழிலிலிருந்தே விலக்கிவிட்டன. அதன் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்தார். 1970களின் தொடக்கத்தில் அவர் மறைந்தபோது, அவர் தொடங்கிவைத்த தொழிலிலிருந்து அரசியல் தலைவர்களே எழுந்து வந்திருந்தார்கள். அவர் எடுத்த படங்களில் ஒன்றின் பிரதிகூட எங்கும் இல்லை.

படங்கள் ஏன் போயின என்பதற்குக் காரணம் மர்மமானதல்ல. அக்காலப் படச்சுருளின் அடித்தளம் செல்லுலோஸ் நைட்ரேட். எளிதில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. தீப்பற்றாவிட்டாலும் நம் ஊரின் வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்து, ஒட்டி, கடைசியில் தூளாகும். அதற்கும் தப்பியவற்றை, மேலே பூசிய வெள்ளிக்காகச் சுரண்டி விற்றார்கள். பேசும் படம் வந்த பிறகு ஒரு பேசாப்படத்தின் சந்தை மதிப்பு அதிலிருந்த வெள்ளியின் மதிப்புதான். இந்தியாவில் எடுக்கப்பட்ட பேசாப்படங்கள் ஆயிரத்துக்கு மேல். இன்று இருப்பவை அவற்றில் மிகச் சிறு பங்கு.

ஆனால் அலட்சியம் என்ற ஒரு காரணமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஹாலிவுட்டில் 1913 டிசம்பரில் ஜெஸ்ஸி லாஸ்கியின் கம்பெனிக்காகச் செசில் டிமில் ஒரு குதிரைக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துத் தம் முதல் கதைப்படத்தைத் தொடங்கினார். மில்லர்ஸ் சாலைப் பங்களாவுக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் மூத்தது, அவ்வளவுதான். இரண்டும் வாடகை இடங்கள், இரண்டுக்கும் வெயிலே விளக்கு. அந்த மரக்கொட்டகையை நிலத்திலிருந்து பெயர்த்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம் மாற்றி, கடைசியில் 1985இல் அதையே அருங்காட்சியகமாக்கினார்கள். மரக்கட்டடத்தைப் பெயர்க்கலாம், சுண்ணாம்புக் கட்டடத்தைப் பெயர்க்க முடியாது என்பது உண்மையே. ஆனால் ஒரு கல்வெட்டு நடுவதற்கு எதையும் பெயர்க்க வேண்டியதில்லை.

தென்னாட்டுப் பேசாப்படம் ஒன்றை உண்மையிலேயே கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது, அது சென்னையில் இல்லை. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கிய மார்த்தாண்ட வர்மா 1933இல் திருவனந்தபுரத்தில் வெளியானது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவிய படம் அது. நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. படத்தின் பிரதி அவர்கள் கைக்குப் போய், புத்தகக் கிடங்கில் முடங்கியது. தயாரிப்பாளருக்குப் பெரும் இழப்பு. ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1974இல், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி.கே. நாயர் அந்தக் கிடங்கிலிருந்து பிரதியை மீட்டுப் புனேக்குக் கொண்டுபோனார். தென்னிந்தியப் பேசாக் கதைப்படங்களில் ஏறக்குறைய முழுமையாக இன்று நம்மிடம் இருப்பது அது ஒன்றே. ஊர் ஊராக ஓடித் தேய்ந்த படங்கள் எல்லாம் அழிய, வழக்கில் சிக்கி ஓடாமல் கிடந்த படம் பிழைத்தது. எலக்ட்ரிக் தியேட்டருக்கு அஞ்சல் துறை செய்ததை இந்தப் படத்துக்கு ஒரு புத்தகக் கிடங்கு செய்தது.

அதே வட்டாரத்தில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஜே.சி. டேனியல் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ அமைத்து விகதகுமாரன் எடுத்தார். மலையாளச் சினிமாவின் தொடக்கம் அது. அதில் உயர்சாதிப் பெண்ணாக நடித்த பி.கே. ரோஸி, தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் என்பதற்காகத் தாக்கப்பட்டு ஊரைவிட்டே விரட்டப்பட்டார். டேனியல் தம் கடைசிக் காலத்தை வறுமையில் குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் கழித்து 1975இல் காலமானார். அந்தப் படத்தின் பிரதி இல்லை. ரோஸி நடித்த ஒரு விநாடிகூட இல்லை. ஒரு படம் அழிந்தால் எது எது அழிகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பேசும் படக் காலத்தின் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.பி. ராஜலட்சுமி நடித்து, எச்.எம். ரெட்டி இயக்கிய காளிதாஸ் பம்பாயில் எடுக்கப்பட்டு, 1931 அக்டோபர் 31 அன்று சென்னை தங்கசாலைப் பகுதியில் இருந்த கினிமா சென்ட்ரலில் வெளியானது. படப்பெட்டியை ஊர்வலமாகக் கொண்டுபோய்த் தேங்காய் உடைத்தார்கள். அந்த அரங்கம் பின்னால் முருகன் டாக்கீஸ் ஆயிற்று. ஒலிப்பதிவு வசதி சென்னையில் இல்லாததால் தமிழ்ப் படம் எடுக்கப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கோலாப்பூருக்கும் ரயிலேற வேண்டியிருந்தது. ஏ. நாராயணன் 1934இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சீனிவாசா சினிடோனைத் தொடங்கி அந்த நிலையை மாற்றினார். ஒலிப்பதிவைக் கவனித்தவர் அவர் மனைவி மீனாட்சி நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று கருதப்படும் அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லாதது எனக்குப் புரியாத விஷயம். அங்கேயும் பகல் வெளிச்சத்தில்தான் படப்பிடிப்பு நடந்தது. சூரியனுக்காகத் திறந்து வைத்த இடத்தில் இப்போது காக்கைக் கூச்சலும் பதிவாகும் என்ற புதிய தொல்லை சேர்ந்துகொண்டது. காக்கை ஓட்டுவதற்கென்றே ஆள் வைத்தார்கள் என்று அக்காலத்தவர் சொல்லியிருக்கிறார்கள். நாலு சுவருக்குள், விளக்கொளியில் படமெடுக்கும் தேவையை ஏற்படுத்தியது ஒலிதான்.

அடையாற்றில் மீனாட்சி சினிடோன் இருந்த இடம் நெப்டியூனாகி, சத்யா ஸ்டூடியோவாகி, இன்று எம்.ஜி.ஆர். ஜானகி மகளிர் கல்லூரியாக இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் ஸ்பிரிங் கார்டன்ஸ் என்ற தோட்டத்தில் கே. சுப்ரமணியம் முன்நின்று நடத்திய ஸ்டூடியோ தீக்கிரையாகி ஏலத்துக்கு வந்தபோது, எஸ்.எஸ். வாசன் வாங்கி 1940இல் ஜெமினி என்று பெயர் வைத்தார். ஸ்டூடியோ போய், நட்சத்திர ஹோட்டலும் வணிக வளாகமும் வந்த பிறகும், அண்ணா மேம்பாலம் என்று அரசு சூட்டிய பெயரைத் தள்ளிவிட்டு ஜெமினி பிரிட்ஜ் என்றுதான் ஊர் அழைக்கிறது.

உங்கள் ஒரு நாளை இப்படி வகுத்துக்கொள்ளலாம். காலை ஒன்பது, பத்து மணிக்கு மில்லர்ஸ் சாலை. அங்கிருந்து புரசைவாக்கம் நெடுஞ்சாலை வழியாக, வெங்கையாவின் குளோப் இருந்த பகுதியைக் கடந்து, தங்கசாலை. பிறகு சென்ட்ரல் எதிரே விக்டோரியா ஹால். பிற்பகலில் அண்ணா சாலை அஞ்சலகம். அஞ்சல்தலைப் பிரிவு அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும் என்பதால் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காதீர்கள். மறுநாளும் கையில் இருந்தால் ஏதேனும் ஒரு பெரிய நூலகத்தில் இந்தியச் சினிமா விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதிகளைக் கேட்டுப் பாருங்கள். சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927, 1928ஆம் ஆண்டுகளில் நடந்த அந்த விசாரணையில், அரங்கு நடத்தியவர்களும் படமெடுத்தவர்களும் அதிகாரிகளும் சொன்னவை கேள்வியும் பதிலுமாக அச்சில் இருக்கின்றன. அந்தக் கட்டடங்கள் உயிரோடு இயங்கிய நாட்களின் குரலை அதில்தான் கேட்க முடியும்.

மில்லர்ஸ் சாலையைக் காலையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. டவர் ஹவுஸை அடையாளம் காட்ட அங்கே பலகை எதுவும் கிடையாது. அடுக்குமாடி வீடுகளும் மருத்துவமனைகளும் கடைகளும்தான் கண்ணில் படும். பத்து மணியளவில் ஏதாவது ஒரு திறந்த இடத்தில் நின்று, ஒரு வெள்ளைக் கைக்குட்டையைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து, உடன் வந்தவரின் முகத்தைப் பாருங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டுப் பாருங்கள். முதலியார் அந்தத் தோட்டத்தில் எதைத் தேடினார் என்பது உடனே தெரியும்.